கடைசிப் பக்கத்துக்கு அஞ்சு மார்க்

இல்ல, பேனாவைக் கீழ வைங்க மிஸ்டர் க்ராலிக். கையெழுத்து வேணும்தான், வேணாம்னு சொல்லல. மூணு மணிக்குள்ள இந்தத் தாளைக் கீழ ஆபீஸ்ல குடுத்தாகணும். குடுக்கலேன்னா மார்க் போடற கம்ப்யூட்டரை மூடிடுவாங்க, உங்க பையன் என் பாடத்துல ஃபெயில், அடுத்த வருஷம் இதே வகுப்புல மறுபடி உக்காரணும். அதெல்லாம் சரி. ஆனா தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காம எங்க போடணும்னு கேக்கற அப்பாவை நான் இப்பதான் பாக்கறேன். தொப்பியைக்கூட இன்னும் கழட்டல நீங்க.

உக்காருங்க. எங்க வேணும்னாலும். எல்லாமே பசங்க மேஜைதான், நாற்காலியோட சேர்த்து வெல்டு வெச்சது, உங்க முழங்காலுக்குக் கஷ்டமா இருக்கும். என் நாற்காலியைக் குடுக்கலாம், அது மேல ரெண்டு பெட்டி ஏறி உக்காந்திருக்கு. லீவுல இந்த அறைக்குப் புதுத் தரைவிரிப்பு போடறாங்களாம், ஆணி கூட மிச்சம் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதான் இப்படி அலங்கோலமா கெடக்கு. ஓ, அங்கயா? ஹீட்டர் பக்கத்துல, மூணாவது வரிசை. சரி. அங்கயே உக்காருங்க, பரவாயில்ல.

மேடம்னு கூப்பிடாதீங்க. உங்களை விட நான் ஏழு வயசுதான் பெரியவ. நீங்க அந்த மேஜையில உக்காந்திருந்த வருஷம் எனக்கு இருபத்திநாலு, மிஸ் ரேஃபர்ட்டியா இருந்தேன், இன்னும் மிஸஸ் டாபின் ஆகல. சிகாகோ பக்கத்துலேருந்து வந்து ஒரு வருஷம்கூட முடியல. ஆமா, அந்தப் பச்சைக் கோட்டு. அதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கீங்களே. அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு நெப்ராஸ்கா குளிரைத் தாங்கிடலாம்னு நினைச்சேன் பாருங்க, அந்த அளவுக்குத்தான் எனக்கு அப்போ விவரம்.

நான் நின்னுக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உக்காந்தா எனக்குப் பேச்சு வராது. சுவத்துல ஒட்டினதை எல்லாம் வேற பிச்சு எடுக்கணும். மணி என்ன? அந்தக் கடிகாரம் ஏழு நிமிஷம் முன்னாடி ஓடுது. அப்போ ஒண்ணு இருபது. நேரம் இருக்கு.

இல்ல, யாரையும் அடிக்கல. ஃபோன்லயும் இதைத்தான் முதல்ல கேட்டீங்க. கோல்பி ஒருத்தரையும் அடிக்கல, ஒண்ணையும் உடைக்கல. கிளாஸ்ல தூங்கினான், அதுக்குப் போன மாசம் மூணு நாள் சாயங்காலம் நிறுத்தி வெச்சேன், அது முடிஞ்ச கதை. தெரியும், வெளிய கேஸ் லாரி நிக்குது, இன்னும் மூணு பண்ணைக்குப் போய் டேங்க்கை நிரப்பணும். ஜன்னல்லேருந்து பார்த்தேன். நாலு கார் நிக்கற இடத்தை அடைச்சு நிறுத்தியிருக்கீங்க. யாராவது வந்து சத்தம் போட்டா நான்தான் அங்க நிறுத்தச் சொன்னேன்னு சொல்லிடுங்க.

விஷயம் வருஷக் கடைசிக் கட்டுரை. அமெரிக்க இலக்கியத்துல இந்த வருஷம் படிச்சதுல எதை வேணும்னாலும் எடுத்து நாலு பக்கம் எழுதணும். அதுக்கு மொத்த மார்க்குல முப்பது சதவீதம். இங்க விதி என்னன்னா, அடுத்தவங்க எழுதினதைத் தன்னோடதுன்னு குடுத்தா பூஜ்யம். பூஜ்யம் விழுந்தா கோல்பி தேற மாட்டான். நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன், நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

என்னது? போனா போகட்டும், வண்டியில கூட வரட்டும்ங்கறீங்களா? அவனும் அதையேதான் சொன்னான். இன்னொரு வருஷம் இந்த அறையில உக்கார்றதுக்கு கேஸ் குழாயை இழுத்துட்டுப் போயிடறேன்னான். உங்க குரல்லயே சொன்னான், பாதி வாயைத் திறந்து. உங்க குடும்பத்துல இதே அறையால ஏற்கெனவே ஒருத்தர்… இருங்க. நான் வரிசையாச் சொன்னாத்தான் சரியா வரும்.

போன வாரம் பூரா நாங்க வருஷத்தைத் திருப்பிப் பார்த்துட்டிருந்தோம். பலகையில இன்னும் அழிக்காம வெச்சிருக்கேன் பாருங்க. வருஷா வருஷம் இதே கோடுதான் போடுவேன், இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும். இடது பக்கம் கப்பல், வலது பக்கம் நாம. நடுவுல நானூறு வருஷம், அஞ்சு பீரியட்ல முடிக்கணும். உங்க காலத்துலயும் போட்டேன், அப்போ சாக்பீஸ்.

செப்டம்பர்ல என்ன படிச்சோம்னு கேட்டேன். கப்பல்ல வந்து இறங்கினவங்க நாட்குறிப்புன்னு ஒருத்தி சொன்னா. அதுல என்ன இருந்துச்சுன்னேன். குளிரு, பசி, கடவுள், மறுபடியும் குளிருன்னு பின்னாலேருந்து ஒருத்தன். நான் அதை அப்படியே எழுதிட்டேன், அதோ, நீல எழுத்துல. அக்டோபர் பிரசங்கங்க. நரகத்தோட ஒவ்வொரு மூலையையும் காட்டற பிரசங்கம். எங்க ஃபுட்பால் கோச் இதைவிட நல்லாப் பேசுவாருன்னாங்க. நவம்பர்ல சுதந்திரப் போர் சமயத்துத் துண்டுப் பிரசுரங்க. அப்புறம் தப்பிச்சு வந்த அடிமைங்க தங்களோட கதையைத் தாங்களே எழுதினது. அந்தப் பீரியட்ல மட்டும் யாரும் கிண்டல் பண்ணல, அதுல எனக்கு இந்தப் பசங்க மேல ஒரு மரியாதை. ஜனவரில கவிதை. ஜனவரில கவிதை வெச்சவன் எவன்னு தெரியல, வெளிய பூஜ்யத்துக்குக் கீழ போயிருக்கு, பஸ் கிளம்பல, பாதிப் பேர் வரல, நான் வானம்பாடியைப் பத்திப் பேசிட்டிருக்கேன்.

புதன்கிழமை ஆதாரப் பட்டியல். அதாவது கட்டுரையோட கடைசிப் பக்கம். எந்தப் புத்தகத்துலேருந்து எடுத்தோம், யார் எழுதினது, எங்க கிடைச்சதுன்னு ஒழுங்கா எழுதணும். இதுக்காக நான் தொண்டை கிழியக் கத்துவேன். அந்தப் பக்கம் இருந்தா அஞ்சு மார்க், இல்லேன்னா கிடையாது. அன்னிக்கு கோல்பி கையைத் தூக்கினான். வருஷம் பூரா அவன் கையைத் தூக்கி நான் பார்த்ததில்ல, ஜன்னலைத் திறக்கணுமோன்னு நினைச்சேன். கேக்கறான், ஒருத்தர் எழுதினதை முழுசா எடுத்து எழுதிட்டு, கடைசில அவர் பேரைப் போட்டா அது திருட்டா? எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சொன்னேன், ஒரு வார்த்தை விடாம எடுத்தாலும், யாரோடதுன்னு சொல்லிட்டா அது திருட்டு இல்ல கோல்பி, நல்ல கட்டுரையா இருக்காது, அவ்வளவுதான். நான் சொன்னது. இந்த வாயால. முப்பது பேர் சாட்சி.

தண்ணி வேணுமா? பாட்டில் இருக்கு. கீழ கேன்டீன்ல இன்னிக்கு சில்லிக் குழம்பும் சினமன் ரோலும், கடைசி வாரம்னா அதுதான், ரோல் ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன் உங்களுக்கு, எங்க வெச்சேன்னு தெரியல. பெட்டிக்குள்ள போட்டு ஒட்டிட்டேனோ என்னவோ.

வரேன், வரேன். பிப்ரவரிக்கு வரேன். அதுதான் விஷயமே.

பிப்ரவரில அந்த நாவல். புழுதிப்புயல் வருஷங்கள்ல நடக்கற கதை, ஹார்லன் ப்ரைட்னு ஒரு மாட்டுப் பண்ணைக்காரன். ஞாபகம் இருக்கா உங்களுக்கு? கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் போகும் அவனுக்கு. கிணறு வத்தும், பொண்டாட்டி அக்கா வீட்டுக்குப் போயிடுவா, மாடுங்க வித்தது போக பதினொண்ணு நிக்கும். கடைசிப் பக்கத்துல வண்டியில சாமானை ஏத்திக்கிட்டு ஊரை விட்டே கிளம்புவான். வேலிக் கதவைத் திறப்பான், வண்டியை வெளிய கொண்டு போவான், கதவை மூட மாட்டான். போயிடுவான். அதோட நாவல் முடிஞ்சுது.

அந்தத் திறந்த கதவுக்கு என்ன அர்த்தம்? வாத்தியாருங்களுக்குன்னு தனியா ஒரு புத்தகம் குடுப்பாங்க, பதிலெல்லாம் அதுல இருக்கும். அதுல போட்டிருக்கு, திறந்த கதவு விடுதலையின் குறியீடு. நாங்க இலக்கிய வாத்தியாருங்க, எங்களுக்கு எதைப் பார்த்தாலும் குறியீடுதான். ஆறு ஓடினா காலம், பறவை பறந்தா ஆன்மா, கதவு திறந்தா விடுதலை. இருபத்தாறு வருஷமா நான் விடுதலை, விடுதலைன்னு சொல்லிட்டிருக்கேன். பசங்களும் விடுதலைன்னு எழுதி மார்க் வாங்கிட்டுப் போயிட்டாங்க. மாட்டுப் பண்ணைப் பசங்க. தலையில தட்டிக்கணும் போல இருக்கு.

சிரிக்கறீங்க. சிரிங்க. இன்னொண்ணு சொல்றேன், இன்னும் நல்லாச் சிரிப்பீங்க. எனக்குக் கல்யாணமாகி ரெண்டாவது மாசம், மாமனார் பண்ணைக்குப் போயிருந்தேன். தனியா நடந்துட்டு வரேன்னு கிளம்பி, மேய்ச்சல் வேலிக் கதவைத் திறந்துட்டுப் போனவ அப்படியே விட்டுட்டேன். திரும்பி வரப்போ அறுபது மாடு ரோட்டுல நிக்குது, ஷெரீஃப் வண்டி ரெண்டு பக்கமும் லைட்டைப் போட்டுக்கிட்டு நிக்குது. மாமனார் திட்டல. டாபின் ஆளுங்க திட்ட மாட்டாங்க, உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில மட்டும் உருளைக்கிழங்கை என் பக்கம் தள்ளிட்டு மெதுவாச் சொன்னார், கதவு எப்படி இருந்துச்சோ அப்படியே விடணும்மா. மூடியிருந்தா மூடணும். ஒருத்தன் மூடாமப் போறான்னா உள்ள ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்.

அன்னிக்காவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. வீட்டுல கத்துக்கிட்டதை வீட்டுலயே வெச்சுட்டு, மறுநாள் இங்க வந்து விடுதலைன்னு பாடம் நடத்தினேன்.

இந்த மே மாசம் கோல்பி கட்டுரை குடுத்தான். அவன்கிட்ட நான் பெருசா எதுவும் எதிர்பார்க்கல, உண்மையைச் சொல்றேன். காப்பியை வெச்சுக்கிட்டு எடுத்தேன், காப்பி ஆறிப் போச்சு. அவன் எழுதியிருக்கான், திறந்த கதவு விடுதலை இல்ல. நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே கதவை மூடப் பழகின ஆளு ஹார்லன் ப்ரைட். அவன் மூடாமப் போறான்னா உள்ள காப்பாத்தறதுக்கு ஒரு உயிரு மிச்சமில்ல. அந்தப் பதினொரு மாடு என்னாச்சுன்னு நாவல்ல எங்கயும் சொல்லல. இங்கதான் சொல்றாங்க, ஒரு கதவை வெச்சு. அதுக்கப்புறம் ஒரு பத்தி. ஏப்ரல் பனிப்புயல்ல எங்க வீட்டு நாப்பத்தொரு மாடும் கன்னும் வேலி ஓரத்துல நின்னபடியே செத்துப் போச்சு. மூணாவது நாள் எங்கப்பா போய் வேலிக் கதவைத் திறந்து போட்டுட்டு உள்ள வந்து பூட்ஸைக் கழட்டினார். மூடலையான்னு கேட்டேன். எதுக்குன்னார். இப்படி முடியுது.

நான் அழுதுட்டேன். வாத்தியாருங்க கட்டுரை படிச்சு அழுவாங்கன்னு நினைக்காதீங்க, எழுத்துப் பிழையைப் பார்த்து அழறதுதான் வழக்கம். தொண்ணூத்தெட்டு போட்டேன். ரெண்டு மார்க் கமாவுக்குக் குறைச்சேன். ஓரத்துல எழுதினேன், இருபத்தாறு வருஷத்துல இந்த நாவலை ஒருத்தர்கூட இப்படிப் படிச்சதில்லன்னு. திங்கக்கிழமை கிளாஸ்ல சத்தமாப் படிச்சேன். படிக்கறப்போ உங்களைத்தான் நினைச்சேன். எங்கப்பான்னு எழுதியிருக்கான் இல்ல, நீங்கன்னு நினைச்சேன். அந்தப் புயல் கோல்பி பொறக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடின்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. நீங்க மாடே வெச்சதில்லன்னும் தோணல. கண்ணு தண்ணியா இருந்தா கணக்கு வராது போல.

அவன் என்ன பண்ணான்னு கேக்கறீங்களா? என்னையே பார்த்துட்டிருந்தான். நான் ரொம்ப நல்லாயிருக்குன்னு சொன்னதும், நிஜமாவான்னு கேட்டான். நிஜமாடான்னேன். ரெண்டாவது தடவையும் கேட்டான், நிஜமாத்தான் சொல்றீங்களா? அதுக்கப்புறம் தலையைக் கவுத்துக்கிட்டான். பெருமையில கவுத்துக்கிட்டான்னு நினைச்சேன்.

இருங்க, எழுந்திருக்காதீங்க. இன்னும் முடியல. இவ்வளவு நேரம் உக்காந்தாச்சு, இன்னும் பத்து நிமிஷம். உங்களுக்குப் புரிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியுது. முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஆனா நான்தான் சொல்லணும், நீங்களாப் புரிஞ்சுக்கிட்டுப் போகக் கூடாது.

நேத்து இந்த அலமாரியைக் காலி பண்ணேன். மூணாவது டிராயர், கோல்பி போன மாசம் நிறுத்தி வெச்சப்போ அடுக்கிக் குடுத்த டிராயர். மேலாக்க ஒரு கோப்பு. என் கையெழுத்துல பேரு போட்டிருக்கு, இப்படி எழுதக் கூடாதுன்னு. திறந்தா முதல் தாளு, பென்சில்ல எழுதினது, மஞ்சளாப் போயிருக்கு. படிக்கறேன். ஏப்ரல் பனிப்புயல். நாப்பத்தொரு மாடும் கன்னும். மேல மூலையில பேரு, டுவேன் க்ராலிக், மூணாவது பீரியட்.

ஆமா. உங்களோடது. இதோ. தொடணும்னா தொட்டுப் பாருங்க.

எனக்கு முதல்ல என்ன வந்துச்சுன்னு சொல்லட்டுமா? கோவம். எம்மேல இல்ல, கோல்பி மேல. அப்பன் எழுதினதைத் திருடி என்னை அழ வெச்சுட்டானேன்னு. அந்த ஆத்திரத்துலதான் உங்க கேஸ் கம்பெனிக்கு ஃபோன் பண்ணேன். திருட்டுப் புகார்த் தாளை எடுத்து அவன் பேரை எழுதினேன், அழுத்தி எழுதினதுல அடுத்த தாள்லயும் தடம் விழுந்துச்சு. அதோட கட்டுரையை முழுசா இணைக்கணும், எல்லாப் பக்கமும். இன்னிக்குக் காலைல ஸ்டேப்ளர் பின்னைக் கழட்டி ஒவ்வொரு பக்கமா வெச்சேன். கடைசிப் பக்கம் வந்துச்சு.

ஆதாரப் பட்டியல். நான் கத்திக் கத்திக் கேக்கற பக்கம். இருக்கான்னு மட்டும் பார்ப்பேன், டிக் அடிப்பேன், அஞ்சு மார்க் போடுவேன். இருபத்தாறு வருஷத்துல அதை ஒரு தடவை படிச்சிருப்பேனான்னா, இல்ல. யாரும் படிக்கறதில்ல, அதுதான் எங்க தொழில் ரகசியம். இவன் பக்கத்துலயும் டிக் இருக்கு, என் சிவப்பு மையில. டிக்குக்குக் கீழ ரெண்டே வரி. க்ராலிக், டுவேன். தலைப்பில்லாத கட்டுரை. இப்படி எழுதக் கூடாது என்ற கோப்பு, மூன்றாவது டிராயர், மிஸஸ் டாபின் அறை. வருஷமும் போட்டிருக்கான். கமா எல்லாம் சரியா வெச்சிருக்கான், அதுவேற.

திருடல அவன். சொல்லிட்டுத்தான் குடுத்தான். முன்கூட்டியே கேட்டுக்கிட்டு வேற குடுத்தான். நான் அவனுக்குப் பரீட்சை வெச்சேன்னு நினைச்சேன், அவன் எனக்கு வெச்சிருக்கான்.

மறந்துட்டேன்னு சொல்லாதீங்க. நீங்க மறக்கல. அந்தத் தாளை வாங்கினதும் முதல்ல மூலையைத்தான் பார்த்தீங்க. எஃப், ஃபெயில்னு. அதுக்குக் கீழ நான் எழுதினதையும் படிச்சீங்க. இது இலக்கிய வகுப்பு, மாட்டுத் தொழுவம் இல்ல. இருபத்திநாலு வயசுல எழுதினேன், எழுதிட்டு ரொம்ப சாமர்த்தியமா எழுதிட்டதா நினைச்சிருப்பேன். அந்தப் புயல் அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல அப்போ. எனக்குப் புயல்னா பள்ளிக்கூடம் மூணு நாள் லீவு. அறையில உக்காந்து சூடா கோகோ குடிச்சுக்கிட்டு ஜன்னல் வழியா அழகுன்னு பார்த்தேன். நீங்க ஹீட்டர் பக்கத்துல போய் உக்கார ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான், இல்ல? கைவிரல்ல தோல் உரிஞ்சிருந்துச்சு. நான் அதைப் பார்த்தேன், ஏன்னு கேக்கல.

இன்னும் இருக்கு. அடுத்த ரெண்டு வருஷம் பேரை மறைச்சுட்டு அதை நகல் எடுத்து கிளாஸ்ல குடுத்தேன். புத்தகத்தை விட்டு வெளிய போனா எப்படி ஆகும்னு காட்டறதுக்கு. சிரிச்சாங்க. நானும் சிரிக்க வெச்சேன். அதை நீங்க கேள்விப்பட்டீங்களான்னு தெரியல. பட்டிருப்பீங்க, சின்ன ஊரு.

அந்த எஃப்னால வருஷம் போச்சு உங்களுக்கு. மறுபடி எங்கிட்டயே வந்து உக்காரணும். நீங்க வரல. ஆகஸ்ட்ல பேர் வாசிச்சேன், க்ராலிக் இல்ல, பண்ணையில ஆள் பத்தலை போலன்னு நினைச்சு அடுத்த பேரை வாசிச்சுட்டேன். அப்போ பண்ணையே இல்ல. வித்துட்டீங்க. அதுகூடத் தெரியாம நினைச்சேன்.

வெக்கமா இருக்கு டுவேன். வேற வார்த்தை தேடிப் பார்த்தேன், காலைலேருந்து தேடறேன், வார்த்தையை வெச்சுத்தானே பொழைக்கறேன். இல்ல. வெக்கமா இருக்கு.

கோல்பி கீழ லைப்ரரில இருக்கான். காலைல அவனைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். சொன்னேன், நீ திருடல, ஆனா இது உன் கட்டுரையும் இல்ல. மூணு மணிக்குள்ள நீயா ஒண்ணு எழுதிக் குடு, நான் படிக்கறேன், கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கறேன். எழுதிட்டான். லைப்ரரியைப் பாத்துக்கற அம்மா ஃபோன் பண்ணாங்க, மூணரைப் பக்கம், கேஸ் லாரியைப் பத்தி, அதுல அந்த நாவலை எப்படியோ கொண்டு வந்து சேர்த்துட்டானாம். ஆனா குடுக்க மாட்டேங்கறான். தாள் மேல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். முதல்ல எங்கப்பாவுக்கு மார்க் போடுங்க, அப்புறம் எனக்குன்னான். அவ்வளவுதான் சொன்னான், அதையும் பாதி வாயாலதான்.

அதான் இந்தத் தாள். திருப்புங்க. இப்போ திருப்பலாம். புகார் இல்ல, அதைக் கிழிச்சாச்சு, அந்தக் குப்பைத் தொட்டியில கெடக்கு பாருங்க. இது மார்க் மாத்தற படிவம். ஆபீஸ்ல லொரெட்டா வருஷத்தைப் பார்த்துட்டு, தப்பாப் போட்டுட்டியேன்னா. தப்பு இல்லன்னேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் செல்லுமான்னா. செல்லாதுன்னு எங்கயாவது அச்சடிச்சிருக்கான்னு கேட்டேன். ரெண்டு பேரும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முன்னும் பின்னும் தேடினோம், எங்கயும் இல்ல. பிரின்சிபால் கையெழுத்துப் போட்டார், போட்டுட்டு என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார். நானும் போட்டுட்டேன். காரணம்னு இருக்கற இடத்துல ஆசிரியர் பிழைன்னு எழுதியிருக்கேன்.

தொண்ணூத்தெட்டுதான். அந்த ரெண்டு கமாவைக் கோல்பியும் அப்படியே எடுத்து எழுதியிருக்கான், அதுக்குக் குறைக்காம விட்டா நான் இரக்கப்பட்டுப் போட்டதா ஆயிடும். இரக்கப்பட்டுப் போடல.

தெரியும். இதை வெச்சு எந்தக் காலேஜும் கூப்பிடாது, கேஸ் கம்பெனி ஒரு டாலர் கூட ஏத்தித் தராது. போன வருஷமெல்லாம் திரும்பியும் வராது. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, கீழ போய் கோல்பிகிட்ட நானே கெஞ்சி வாங்கிக்கறேன். நீங்க எனக்காக எதையும் போட வேண்டியதில்ல. முழுசாப் படிங்க. மெதுவாப் படிங்க, நான் இந்த ஆணியைப் பிடுங்கிட்டிருக்கேன்.

படிச்சாச்சா?

இந்தாங்க பேனா. இல்ல, அங்க இல்ல. அது பெத்தவங்க போடற கட்டம், அது காலியா இருக்கட்டும். அதுக்கு மேல இருக்கு பாரு, மாணவர்னு. அதுல போடு டுவேன்.